அகத்தி – போர்ட் பிளேயர் 2,243 கி.மீ., 3 மணி 17 நிமிஷம்னு காட்டுது. காதுகுத்துக்குத் தம்பி நேரத்துக்கு வந்து சேருவானா?

கொழிஞ்சாம்பாறை_அக்கா · வியாழன் இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை எங்க ஊரு. வீட்டுல ஒரு விசேஷம் வெச்சிருக்கோம், அதுல ஒரு கணக்கு இடிக்குது.

தங்கச்சி கல்யாணமாகிப் போர்ட் பிளேயர்ல இருக்கா (ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தியாச்சு, எங்களுக்கு இன்னும் வாயில வரல). அவ பொண்ணுக்கு ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை காதுகுத்து. எங்களுக்கு ஒரே தம்பி. அவன் லட்சத்தீவுல, அகத்தியில, ஒரு கரண்டு வேலை ஒப்பந்தத்துல இருக்கான். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். அதுக்கு ஆள் மாத்த முடியாது.

ரெண்டு தீவுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தம்பி இணையத்துல போட்டுப் பாத்திருக்கான். 2,243 கி.மீ., பறக்கும் நேரம் 3 மணி 17 நிமிஷம்னு வந்திருக்கு. "சனிக்கிழமை மத்தியானம் வேலையை முடிச்சுட்டுக் கெளம்புனாப் பொழுதோட அங்க இருப்பேன்க்கா"ங்கறான். எங்க அப்பா அதை நம்பி ஊர்பூராச் சொல்லிட்டாரு. எனக்கென்னமோ ஒப்பலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வேலந்தாவளம்97 · வியாழன் இரவு 8.22

அக்கா, 3 மணி 17 நிமிஷத்துல நம்ம வேலந்தாவளத்துல இருந்து நெடும்பாசேரியே (கொச்சி விமான நிலையம்) போய்ச் சேர முடியாது சில நாளு. உங்க தம்பி ரெண்டு கடல் தாண்டிருவாராமா 😀

---

ஜன்னல்_சீட்டு · வியாழன் இரவு 8.47

அக்கா, நேர் விமானம் கிடையாது. முதல்ல அதைத் தம்பிகிட்டச் சொல்லிடுங்க.

அந்த 3 மணி 17 நிமிஷம் எந்த அட்டவணையிலயும் இருக்கற நேரம் இல்ல. தூரம் காட்டற இந்தத் தளங்கள் பெரும்பாலும் ஒரே சூத்திரம்தான் வெச்சிருக்கும்: தூரத்தை மணிக்கு 800 சொச்சம் கி.மீ.யால வகுக்கும், ஏற இறங்க அரை மணி சேர்க்கும். 2,243-ஐ 805-ஆல வகுத்துப் பாருங்க, 2 மணி 47 நிமிஷம் வரும். கூட 30 போட்டா உங்க 3.17. அந்த ரெண்டு ஊர்லயும் ஓடுதளம் எவ்வளவு நீளம், எந்த விமானம் இறங்கும்னு அதுக்கு எதுவும் தெரியாது.

தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லாது. அகத்தி ஓடுதளம் 1,300 மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. 1988-ல திறந்தது. ரெண்டு பக்கமும் கடல், நீட்டறதுன்னாத் தண்ணியிலதான் நீட்டணும். அங்க இறங்கறது ஏ.டி.ஆர். 72 மாதிரி இறக்கைக்கு முன்னால காத்தாடி சுத்தற விமானம். மணிக்கு 500 கி.மீ. வேகம், முழுசா ஆள் ஏத்திட்டா 1,500 கி.மீ. கிட்டத்தான் போகும். அதாவது 2,243-க்கு அதால போக முடியாது. அந்தத் தூரத்தை அலட்டிக்காம மூணு மணி நேரத்துல போற ஏர்பஸ் 320, அகத்தியில இறங்க முடியாது. இறங்கற விமானம் போய்ச் சேராது, போய்ச் சேர்ற விமானம் இறங்காது. நேர் விமானம் யாரும் விடாததுக்கு ஆள் இல்லைங்கறது மட்டும் காரணமில்ல.

போர்ட் பிளேயர்ல அந்தப் பிரச்சினை இல்ல. ஓடுதளம் 3 கி.மீ.க்கு மேல. 2023 ஜூலையில புது முனையமும் திறந்தாச்சு.

---

கொழிஞ்சாம்பாறை_அக்கா · வியாழன் இரவு 9.02

நெனச்சேன். அப்ப எத்தனை விமானம் மாறோணும்? எவ்வளவு நேரம்னு கணக்கு வெக்கறது?

---

நூல்பிடி · வியாழன் இரவு 10.35

வணக்கம் அம்மா. பாலக்காட்டுச் சித்தூரில் இருந்து எழுதுகிறேன். வரைபடம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எனவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகத்தி விமான நிலையம் 10.82 வடக்கு, 72.18 கிழக்கு. போர்ட் பிளேயர் 11.64 வடக்கு, 92.73 கிழக்கு. கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. நடுவில் இருபதரை பாகை தீர்க்கரேகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை 111 கி.மீ.; நம் பதினோராவது பாகையில் அது 109 ஆகச் சுருங்கும். 20.55 × 109 போட்டாலே 2,240 வந்துவிடுகிறது. உருண்டையின் மேல் சரியாகக் கணக்கிட்டாலும் 2,243தான். ஆகவே தளம் காட்டிய தூரம் சரி. நேரம்தான் கதை.

இனி மாறிப் போகும் வழி:

அகத்தி – கொச்சி: ஏறத்தாழ 467
கொச்சி – சென்னை: ஏறத்தாழ 520
சென்னை – போர்ட் பிளேயர்: ஏறத்தாழ 1,373

கூட்டினால் 2,360. நேர்க்கோட்டைவிட 117 கி.மீ.தான் அதிகம். நூற்றுக்கு ஐந்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. இரண்டு ஊரில் இறங்கி ஏறுவதால் பெரிய சுற்று என்று நினைப்போம். வானத்தில் சுற்றே இல்லை. கொச்சியும் சென்னையும் அந்தக் கோட்டுக்குத் தெற்கேயும் வடக்கேயும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கின்றன, அவ்வளவுதான்.

அந்தக் கோடு எதன் மேல் போகிறது என்று பார்த்தேன். பரப்பனங்காடிப் பக்கம் கரை ஏறுகிறது. மலப்புரம், சைலன்ட் வேலி, பிறகு அட்டப்பாடியில் அகளிக்கு ஏறத்தாழ நேர் மேலே. அங்கிருந்து கோயம்புத்தூருக்குச் சற்று வடக்கே, திருப்பூர் பக்கம், நாமக்கல் மேலே, கடைசியில் சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவே கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தருகே கரை தாண்டிவிடுகிறது. அப்புறம் அந்தமான் வரை தண்ணீர். கொழிஞ்சாம்பாறை அந்தக் கோட்டுக்கு நாற்பது கி.மீ. சொச்சம் தெற்கே. உங்கள் தம்பி ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நேராகப் பறந்தால், கிட்டத்தட்ட உங்கள் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. அந்த 2,243 கி.மீ.க்கு நடுப்புள்ளி 82.45 கிழக்கு. இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை 82.5. கோட்டை நடுவில் வெட்டுவது போல அமைந்திருக்கிறது. கடிகாரத்தில் இரண்டு தீவுக்கும் ஒரே மணிதான். சூரியனுக்கு 82 நிமிட வித்தியாசம்.

---

அகளி_டீச்சர் · வெள்ளி காலை 6.50

நூல்பிடி சார், எங்க அகளிக்கு மேலயா! நாளைக்கு வகுப்புல பசங்களுக்கு நூல் கட்டிக் காமிச்சுடறேன். உலக உருண்டை ஒண்ணு ஓட்டையோட கெடக்கு, அது போதும்.

ஆனா ஒரு சந்தேகம். விமானம் அப்படிக் கோடு போட்ட மாதிரியா போகும்? அதுக்குன்னு வான்வழிப் பாதை இருக்குமே?

---

ஜன்னல்_சீட்டு · வெள்ளி காலை 7.15

இருக்கு டீச்சர். ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டுப்பாட்டுக்காரங்க சொல்ற பக்கம் வளைஞ்சுதான் போகணும். அட்டவணையில போடற நேரம் கதவடைச்சு வண்டி நகர்றதுல இருந்து மறுபடி நிக்கற வரைக்கும். அதனால பறக்கறது 1 மணி 5 நிமிஷமா இருந்தாலும் சீட்டுல 1 மணி 30 போட்டிருக்கும்.

தோராயமா: அகத்தி – கொச்சி ஒன்றரை மணி, கொச்சி – சென்னை ஒண்ணேகால், சென்னை – போர்ட் பிளேயர் ரெண்டேகால். கூட்டுனா அஞ்சு மணி நேரம். தளம் சொன்ன மூணேகாலுக்கு இது ஒண்ணும் கொள்ளை இல்ல. அஞ்சு மணி நேரம்தான் ஆகும்னா ஒரே நாள்ல முடியணுமே, ஏன் முடியாதுங்கறதுதான் கேள்வி.

பதில்: அகத்தியில விமானம் பகல்லதான். அங்க இருந்து கொச்சி வந்து சேர்ற நேரம் பெரும்பாலும் மத்தியானத்தைத் தொட்டுடும். சென்னையில இருந்து போர்ட் பிளேயர் போற விமானம் பெரும்பாலும் விடியக்காலையும் முற்பகலும். மேக்க இருந்து வர்றவன் சென்னையைப் பிடிக்கறப்ப, கெழக்க போறவன் போய்ட்டான். ராத்திரி சென்னையில தங்கித்தான் ஆகணும். தங்கறது எட்டு, பத்து, பன்னெண்டு மணி நேரம், பறக்கறது அஞ்சு.

---

கப்பல்காரர்_கோவிந்தாபுரம் · வெள்ளி காலை 9.30

நூல்பிடி ஐயா சென்னை – போர்ட் பிளேயர் 1,373னு போட்டிருக்காரு. சுத்துலாப் புஸ்தகம், அறிவிப்புப் பலகை எல்லாத்துலயும் 1,190 கி.மீ.னுதானே இருக்கு? நான் அந்த வழி கப்பல்ல வேலை பார்த்தவன். 1,190 மனப்பாடம்.

---

நூல்பிடி · வெள்ளி காலை 10.05

கப்பல்காரரே, 1,190 என்று பல இடத்தில் போட்டிருப்பது உண்மை. ஆனால் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அது உதைக்கிறது. சென்னை 80.2 கிழக்கு, போர்ட் பிளேயர் 92.7. பன்னிரண்டரை பாகை. அந்த அட்சரேகையில் பாகைக்கு 108 கி.மீ. சொச்சம். கிழக்கு மேற்காக மட்டுமே 1,360 ஆகிறது. கப்பல் எந்த வழியில் போனாலும் நேர்க்கோட்டைவிடக் குறுக்கே போக வழியில்லை. கடல் மைலில் சொன்னால் 740 சொச்சம்.

உங்கள் கப்பலில் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள், மைலா கி.மீ.யா?

---

கப்பல்காரர்_கோவிந்தாபுரம் · வெள்ளி காலை 10.40

கடல் மைல்தான். 700-க்கு மேலன்னு ஞாபகம் இருக்கு. ஆக உங்க கணக்குதான் நிக்குது. பலகையில எழுதுனவரு எங்க இருந்து எடுத்தாரோ.

அது கெடக்கட்டும். கொச்சியில இருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் ஒரு ராத்திரிக் கணக்கு, 14 மணியில இருந்து 18 மணி வரைக்கும். சென்னையில இருந்து போர்ட் பிளேயர் 60 மணிக்கு மேல, மூணு நாளுன்னு வெச்சுக்கோணும். அரபிக்கடல் ஆடி ஆவணியில ஆடற ஆட்டம் இருக்கே, தம்பி காதுகுத்துக்குப் பச்சை மூஞ்சியோட வந்து உக்காருவான். விமானத்துலயே வரச் சொல்லுங்கம்மா.

---

வேலந்தாவளம்97 · வெள்ளி காலை 10.52

உலகத்துலயே எட்டாத தீவு அகத்திதானா, இல்ல இதைவிட மோசமா இருக்கா?

---

நூல்பிடி · வெள்ளி காலை 11.20

தம்பி, அகத்தி ஒன்றுமே இல்லை. தெற்கு அட்லாண்டிக்கில் செயிண்ட் ஹெலினா, டிரிஸ்டன் டா குன்யா என்று இரண்டு தீவு. நடுவில் ஏறத்தாழ 2,430 கி.மீ., நம் தூரத்தோடு கிட்டத்தட்ட ஒட்டி வருகிறது. செயிண்ட் ஹெலினாவுக்கே 2017 அக்டோபரில்தான் முதன்முதலாக வழக்கமான பயணிகள் விமானம் வந்தது, அதுவரை கப்பல். டிரிஸ்டனில் விமான நிலையமே கிடையாது. செயிண்ட் ஹெலினாவில் இருப்பவர் டிரிஸ்டனுக்குப் போக வேண்டுமானால் ஜோகன்னஸ்பர்க் பறந்து, கேப் டவுன் போய், அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, கடலில் இன்னும் ஒரு வாரம். அங்கே தாய்மாமன் மடி என்று பிடிவாதம் பிடித்தால் குழந்தைக்குப் பள்ளிக்கூட வயதாகிவிடும்.

தூரம் ஒன்றுதான். நடுவில் ஒரு நாடு கிடக்கிறதா, வெறும் கடல் கிடக்கிறதா என்பதில்தான் எல்லாம். நமக்கு நடுவில் கேரளமும் தமிழ்நாடும் படுத்திருக்கின்றன, இறங்கி ஏற இடம் இருக்கிறது.

---

வாளையார்_வண்டி · வெள்ளி மதியம் 1.15

அக்கா வணக்கம். பெங்களூர் வழியா பாத்தீங்களா? அகத்தி – பெங்களூர் நேரா ஏ.டி.ஆர். விட்டிருக்காங்க, 2024-ல இண்டிகோ ஆரம்பிச்சது. பெங்களூர்ல இருந்து போர்ட் பிளேயர் நேரா இருக்கு. ஒரே மாத்து. நான் ஒரு பார்ட்டியை அப்படித்தான் தாட்டி விட்டேன். அட்டவணை சீசனுக்குச் சீசன் மாறுது, அந்த வாரத்துக்கு இருக்கானு பாத்துக்கோங்க.

---

நூல்பிடி · வெள்ளி மதியம் 1.40

அருமை. அகத்தி – பெங்களூரு 657, பெங்களூரு – போர்ட் பிளேயர் 1,640. மொத்தம் 2,297. நேர்க்கோட்டைவிட 54 கி.மீ.தான் கூடுதல்! இதுவரை சொன்ன வழிகளில் இதுதான் குறுகல்.

---

ஜன்னல்_சீட்டு · வெள்ளி மதியம் 2.05

தூரத்துல குறுகல்தான் சார், ஆனா ராத்திரித் தங்கல் அங்கயும் உண்டு. அகத்தியில இருந்து பெங்களூர் வந்து சேரும்போது மத்தியானம், அடுத்த விமானம் பெரும்பாலும் மறுநாள் காலை. சென்னையில தங்கறதுக்குப் பதிலா பெங்களூர்ல தங்கறாரு. பறக்கற நேரம் அஞ்சு மணியில இருந்து நாலரை ஆகும், அவ்வளவுதான் லாபம்.

ஆவணி மாசம்னு சொன்னதால இன்னும் ரெண்டு விஷயம்.

ஒண்ணு, காத்து. தென்மேற்குப் பருவத்துல தரையில இருந்து அஞ்சு கி.மீ. உயரம் வரைக்கும் மேக்க இருந்து அடிக்கற காத்து. ஏ.டி.ஆர். அந்த உயரத்துலதான் போகும், அகத்தியில இருந்து கொச்சி வர முதுகுல தள்ளும். பெரிய விமானம் 10, 11 கி.மீ. உயரத்துல போகும், அங்க அந்த மாசத்துல கெழக்க இருந்து வர்ற காத்து, மூஞ்சியில அடிக்கும். போறப்பக் கொஞ்சம் கூட ஆகும், திரும்பறப்பக் கொறையும். பத்து நிமிஷ விவகாரம், விட்டுடலாம்.

ரெண்டாவதுதான் பெருசு, மழை. அகத்தியில மேகம் கவுந்து ஓடுதளம் கண்ணுக்குத் தெரியலைன்னா கொச்சியில இருந்து வர்ற விமானம் இறங்காமத் திரும்பிடும். அது வந்தாத்தானே தம்பி அதுல ஏற முடியும்? போர்ட் பிளேயரும் அப்படித்தான். பக்கத்துல வேற ஊர் இல்லாததால திரும்பிக் கரைக்கு வர்ற அளவுக்கு எரிபொருள் வெச்சிருப்பாங்க, இறங்க முடியலைன்னா வந்த வழியே சென்னை. ரெண்டு முனையிலயும் தீவு, ரெண்டு முனையிலயும் வானத்தைக் கேட்டுத்தான் காரியம். ஒரு முழு நாள் கையில உபரி இல்லாமக் கெளம்பாதீங்க.

---

பொல்லாச்சி_ரோடு · வெள்ளி மாலை 4.30

ஜன்னல் சீட்டு சொன்னதுல ஒரு வரி சேத்துக்கோங்க: எல்லாத்தையும் ஒரே பயணச் சீட்டா எடுங்க. எங்க மாமா ஒரு தீவுல இருந்து வர்றப்ப ரெண்டு கம்பெனியில தனித்தனியா எடுத்துட்டாரு. மொதல் விமானம் மழையில நாலு மணி நேரம் தாமதம். ரெண்டாவது கம்பெனிக்காரன் "நீங்க வரல, சீட்டுப் போச்சு"ன்னு கையை விரிச்சுட்டான். மொதல் கம்பெனிக்காரனோ "நாங்க கொச்சியில சேத்துட்டோமே, எங்க பொறுப்பு முடிஞ்சுது"ங்கறான். ரெண்டு பேர் சொல்றதும் சட்டப்படி சரி. மாமா பர்சு காலி. ஒரே பதிவெண்ணுல இருந்திருந்தா அடுத்த விமானத்துல அவங்களே ஏத்தியிருக்கோணும்.

---

வாளையார்_வண்டி · வெள்ளி மாலை 5.00

ஆவணின்னா ஓணமும் வரும். கொச்சி விமானம் வெலை ஏறிக் கெடக்கும், நெடும்பாசேரி ரோடும் அப்படித்தான். குதிரான் சுரங்கம் வந்தப்புறம் மலை ஏத்தத்துல லாரிக்குப் பின்னால நிக்கற கொடுமை இல்ல, ஆனா திருச்சூர் தாண்டி அங்கமாலி வரைக்கும் சிக்னலுக்குச் சிக்னல் நிக்கோணும். வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வெக்கோணும்.

---

பஞ்சாங்கம்_நல்லேப்பிள்ளி · வெள்ளி மாலை 6.20

அம்மா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எங்கே பார்த்தது என்று சொல்லவில்லையே?

---

கொழிஞ்சாம்பாறை_அக்கா · வெள்ளி இரவு 7.10

எங்க ஊர் ஜோசியர்தானுங்க பாத்துக் குடுத்தாரு. ஞாயிறு காலை 9.15-ல இருந்து 10.15, துலா லக்னம். ஏனுங்க ஐயா?

---

பஞ்சாங்கம்_நல்லேப்பிள்ளி · வெள்ளி இரவு 7.45

அப்படியானால் போர்ட் பிளேயருக்கு அந்த நேரம் செல்லாது.

நூல்பிடி சார் 82 நிமிடம் என்று அகத்திக்கும் போர்ட் பிளேயருக்கும் சொன்னார். நம் பக்கம் தீர்க்கரேகை 76.8. போர்ட் பிளேயருக்கு 16 பாகை வித்தியாசம். பாகைக்கு நாலு நிமிடம், 64 நிமிடம். ஆவணியில் நமக்கு ஆறே காலுக்கு உதயம் என்றால் அங்கே ஐந்து பத்துக்கே உதயம். லக்னமும் அந்தக் கணக்கில் முன்னாலேயே வந்துவிடும். உங்கள் 9.15 – 10.15 அங்கே 8.10 – 9.10 ஆகிறது. அங்கே பத்தே காலுக்குக் காதில் ஊசி வைத்தால் அது விருச்சிகம்.

காலண்டரில் அச்சடித்த ராகு காலமும் ஆறு மணி உதயத்தை வைத்துப் போட்ட பொது நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை அது சாயங்காலம் என்பதால் உங்களுக்குத் தொல்லை இல்லை.

---

வேலந்தாவளம்97 · வெள்ளி இரவு 7.58

ஐயா ஒரே நாடு ஒரே மணி, இதுல லக்னத்துக்குத் தனி மணியா? கடிகாரத்தைப் பாத்துக் குத்திட்டுப் போக வேண்டியதுதானே.

---

பஞ்சாங்கம்_நல்லேப்பிள்ளி · வெள்ளி இரவு 8.15

தம்பி, நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த நேரமும் நல்ல நேரம்தான், நான் சண்டைக்கு வரவில்லை. ஜோசியர் துலா லக்னம் என்று குறித்துக் கொடுத்து, வீட்டார் அதை மதிக்கிறார்கள் என்றால், அந்த லக்னம் அந்த ஊரில் எப்போது உதிக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. உதயத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை.

---

அகளி_டீச்சர் · வெள்ளி இரவு 8.30

லக்னத்தை விடுங்க, அங்க பள்ளிக்கூடத்துல வேலை பார்த்த தோழி சொல்வா, சாயங்காலம் அஞ்சரைக்கே விளக்குப் போட்டாகணும்னு. நம்ம பக்கத்துல அப்பத்தான் பசங்க விளையாடவே எறங்கும். விருந்தும் அங்க சீக்கிரமே முடியும், பந்தி நேரத்தையும் அதுக்குத் தகுந்த மாதிரி தங்கச்சிகிட்டக் கேட்டு வெச்சுக்கோங்க அக்கா.

---

ஜன்னல்_சீட்டு · வெள்ளி இரவு 8.50

அப்ப கணக்கு இன்னும் இறுகுது. முகூர்த்தம் 8.10-க்கே ஆரம்பிக்குதுன்னா ஞாயித்துக்கிழமை விடியக்காலை விமானத்துல போய் இறங்கறதுங்கற பேச்சே கூடாது. முதல் விமானம் தாமதமே இல்லாம வந்தாலும் பெட்டி எடுத்து வெளிய வரவே முகூர்த்தம் தொடங்கிடும். சனிக்கிழமை அங்க இருந்தாகணும். சனிக்கிழமை இருக்கணும்னா வெள்ளிக்கிழமை சென்னையில. மழைக்கு ஒரு நாள் உபரி, அப்ப வியாழக்கிழமை அகத்தியை விட்டுக் கெளம்பணும்.

---

கொழிஞ்சாம்பாறை_அக்கா · வெள்ளி இரவு 9.20

வியாழக்கிழமையா! அவன் சனிக்கிழமை மத்தியானம்ங்கறான். மேஸ்திரி லீவு குடுக்கோணுமே. உபரி நாளுக்கு அவன் சென்னையில லாட்ஜுல சும்மா உக்காந்திருக்கோணுமா? காசு வேற தெண்டம்.

---

நூல்பிடி · வெள்ளி இரவு 9.45

ஏன் சென்னையில்? அந்தக் கோடு உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே போகிறது.

வியாழன் அகத்தியிலிருந்து கொச்சி. அங்கிருந்து தரை வழியாக கொழிஞ்சாம்பாறை, ராத்திரிச் சோறு வீட்டில். வெள்ளிக்கிழமை முழுதும் உபரி. அகத்தியில் மழை பிடித்து வியாழன் விமானம் போகாவிட்டால், வெள்ளிக்கிழமை விமானத்தில் வரலாம். அந்த நாள் அதற்குத்தான். வெள்ளி ராத்திரி கோயம்புத்தூரில் இருந்து சென்னை, சனிக்கிழமை விடியலில் போர்ட் பிளேயர். கோயம்புத்தூர் விமான நிலையம் உங்களுக்கு நெடும்பாசேரியில் பாதித் தூரம்கூட இல்லை.

வானத்தில் கொச்சி – சென்னை போக வேண்டியதை, வீட்டுக்கு வந்து கோயம்புத்தூர் – சென்னை போகிறார். ஒரு சுற்றும் இல்லை. அப்பா அம்மாவும் நீங்களும் எப்படியும் கோயம்புத்தூரில்தானே ஏறப் போகிறீர்கள்?

---

பொல்லாச்சி_ரோடு · வெள்ளி இரவு 10.00

இது அம்சம். கோயம்புத்தூர் – சென்னை – போர்ட் பிளேயர் எல்லாருக்கும் ஒட்டுக்கா ஒரே பதிவெண்ணுல போட்டுருங்க. அகத்தி – கொச்சி மட்டும் தனிச் சீட்டு. அது தாமதமானாலும் நடுவுல ஒரு நாள் இருக்கறதால ஒண்ணும் போகாது. எங்க மாமாவுக்கு இந்த யோசனை யாரும் சொல்லல.

---

ஜன்னல்_சீட்டு · வெள்ளி இரவு 10.12

நானும் இதுக்குத்தான் ஓட்டு. திரும்பறப்ப மட்டும் ஒண்ணு பாத்துக்கச் சொல்லுங்க: லட்சத்தீவுக்குள்ள நுழைய அனுமதிச் சீட்டு வேணும். போர்ட் பிளேயருக்கு நம்ம ஆளுகளுக்கு அந்தத் தொல்லை இல்ல. தம்பி வேலைக்காக வாங்கின அனுமதி எந்தத் தேதி வரைக்கும், வெளிய போய்ட்டுத் திரும்பி வந்தா அதே செல்லுமானு ஒப்பந்தக்காரர்கிட்ட இப்பவே கேட்டுக்கணும். காதுகுத்தி முடிச்சுட்டுக் கொச்சியில மாட்டிக்கக் கூடாது.

---

கொழிஞ்சாம்பாறை_அக்கா · சனி காலை 7.30

ராத்திரியே தம்பிகிட்டப் பேசிட்டனுங்க. இந்த இழையவே அனுப்பிப் படிக்கச் சொன்னேன். மொதல்ல மொறைச்சான், பொறவு "வீட்டுச் சோறு ரெண்டு வேளை கெடைக்கும்ல"ன்னு ஒத்துக்கிட்டான். மேஸ்திரி வியாழன்ல இருந்து லீவு குடுத்துட்டாரு. அனுமதிச் சீட்டு விசாரிச்சுச் சொல்றேன்னிருக்கான். ஜோசியரையும் கேட்டேன், "ஓ, அந்தமானா? அதைச் சொல்லவே இல்லையே"ன்னுட்டு அவரே 8.10-ன்னு திருத்திக் குடுத்துட்டாரு. அப்பாதான் ஊர்ல சொன்னதை எல்லாம் எப்படி மாத்தறதுன்னு திண்ணையில உக்காந்திருக்காரு.

வாளையார் அண்ணா, வியாழக்கிழமை மத்தியானம் நெடும்பாசேரிக்கு ஒரு வண்டி வெச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு. மாமன் சீருக்கு அகத்திக் கொப்பரை ஒரு மூட்டை கொண்டாறேன்ங்கறான். அங்க நெம்ப நல்லா இருக்குமாம். விமானத்துல விடுவாங்களா?

---

ஜன்னல்_சீட்டு · சனி காலை 7.52

விட மாட்டாங்க அக்கா. கொப்பரையில எண்ணெய் நெறைய, சூடேறித் தானாவே தீப்பிடிக்கற பொருள்னு வெச்சிருக்காங்க. பெட்டியிலயும் போட முடியாது. அதோட அகத்தியில இருந்து வர்ற சின்ன விமானத்துல எடைக்குக் கறாரா இருப்பாங்க, மூட்டையெல்லாம் நடக்காது. கிளிஞ்சல், பவளம்னு எதையும் பையில போட்டுட்டு வர வேண்டாம்னும் சொல்லிடுங்க, அது வேற வழக்கு.

---

வாளையார்_வண்டி · சனி காலை 8.05

வண்டி வெச்சாச்சு அக்கா. விமானத்துல ஏறுனதும் தம்பியை ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, அப்புறம்தான் இங்க வண்டி எடுப்பேன். சீருக்குக் கொப்பரை நம்ம காங்கேயத்துல கெடைக்கறதைவிடவா, கெழக்க போறப்ப அதையும் ஏத்த முடியாது, அங்கயே தேங்காயா வாங்கிக்கோங்க. அந்தமான்ல தேங்காய்க்கா பஞ்சம்.